பதினாலு கட்டில்களும் ஒரு நாத்தனாரும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று இரண்டு முறை மாட்டிக்கொண்டேன். முதல் முறை 306-ஆம் அறையில், மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகும்போது. இரண்டாவது 311-இல், குளியல் தொட்டியின் அடியைத் தேய்க்கும்போது. குனிந்தவள் குனிந்தபடியே நின்றேன். நிமிர முடியவில்லை. யாரோ தொட்டியில் விட்டுப்போன ஒற்றை முடியை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமான முடி. நல்ல ஆரோக்கியம். அவளுக்கு இடுப்பு வலி இருக்காது.

இந்த ஓட்டலில் அறை சுத்தம் செய்ய வந்து பத்தொன்பது வருஷம். இடுப்பு வலி வந்து நாலு வருஷம். எல்லாருக்கும் ஒரு நாளைக்குப் பதினாலு அறை, எனக்கு மட்டும் போன மாதத்திலிருந்து ஏழு. சலுகையாம். மாடி சூப்பர்வைசர் இன்று துணி அறைக்குக் கூப்பிட்டு அந்தச் சலுகைக்குத் தேதி குறித்துவிட்டாள். "ஜூன் முப்பது வரைக்கும்தான். அதுக்கப்புறம் பதினாலு அறை பண்ணணும், ஆஸ்பத்திரியிலேருந்து சர்டிபிகேட்டும் கொண்டு வரணும். இல்லேன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது." துண்டுகளை எண்ணிக்கொண்டே சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலை போனால்? நாற்பத்தேழு வயதில் எவன் கூப்பிட்டு வேலை தருவான்? எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கட்டில் விரிப்பது. அதில் மட்டும் நான் ராணி.

மார்ச் 6, வியாழன்

பெரிய ஆஸ்பத்திரி. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள பெண்களை வைத்து பன்னிரண்டு வாரம் ஏதோ ஆராய்ச்சி செய்கிறார்களாம். நாற்பது பேர். நாற்பது பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தோம். நடத்துகிறவள் ஒரு பிசியோ பொண்ணு, குச்சி மாதிரி. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக ஒரு "சரியா?" ஒட்டுகிறாள்.

ஆளுக்கொரு மூடிய உறையை எடுக்க வேண்டும். 'ஏ' என்று இருந்தால் வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி வகுப்பு. 'பி' என்று இருந்தால் ஒரு துண்டுப் பிரசுரம். அவ்வளவுதான். ஆராய்ச்சி முடிந்த பிறகு பி-க்கும் வகுப்பு உண்டாம். எனக்கு ஜூன் முப்பதுக்குள் வேண்டும் தாயே.

மூன்றாவது பெஞ்சில் யார் என்று நினைக்கிறாய்? என் நாத்தனார்! இவருடைய அக்கா. எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் வீட்டு விருந்தில் பாத்திரம் கழுவ எழுந்திருக்க முடியாமல் நான் உட்கார்ந்திருந்தபோது, இருபது பேர் நடுவில், "வேலைன்னு வந்தா மட்டும் இவளுக்கு இடுப்பு பிடிச்சுக்கும். நல்ல நாடகம்" என்றாள். இப்போது தபால் நிலையக் கவுன்டரில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்த இடுப்பு அவளையும் பிடித்துவிட்டது. அவள் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டைரியில் என்ன ஒளிவு மறைவு. நல்லா வேணும் என்றுதான் நினைத்தேன்.

பிசியோ பொண்ணு ஒவ்வொருவரிடமும் கேட்டாள்: "இங்க உங்க சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? இருந்தா ஒரே பிரிவுல போட்டுடுவோம், சரியா?" எனக்கு முந்தி நாத்தனார். "இங்க எனக்கு யாரையும் தெரியாது" என்று கூசாமல் சொன்னாள், என் பக்கம் பார்த்துக்கொண்டே. அப்படியா சேதி? என் முறை வந்ததும் நானும் "யாரும் இல்ல" என்றேன்.

அவளுக்கு ஏ. எனக்கு பி. வகுப்பில் கற்றதை பி ஆட்களுக்குக் காட்டவே கூடாது, காட்டினால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று பிசியோ பொண்ணு எல்லாரிடமும் கையெழுத்து வேறு வாங்கினாள்.

மார்ச் 7, வெள்ளி

துண்டுப் பிரசுரத்தை எழுதியது ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரே. மேலே அவருடைய போட்டோ, சிரித்தபடி. "வலியைப் பற்றி அதிகம் நினைக்க வேண்டாம்." சரி. "கனமான பொருட்களைத் தூக்குவதைத் தவிர்க்கவும்." மெத்தையைக் கண்ணாலேயே தூக்கட்டுமா? "குனியும்போது கவனமாகக் குனியவும்." நான் என்ன தூங்கிக்கொண்டா குனிகிறேன்?

மார்ச் 15, சனி

இவர் பஸ் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாயைத் திறக்க மாட்டார், வீட்டுக்கு வந்தால் மூட மாட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "அக்காவுக்கு இப்போ பரவாயில்லையாம். காலையில செருப்பை அதுவே மாட்டிக்குதாம்" என்றார்.

"அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்றேன்.

"உனக்கு?"

"நான் வலியைப் பத்தி நினைக்காம இருக்கேன்."

மார்ச் 22, சனி

309. தொட்டியில் குனிந்தவள் அப்படியே முழங்காலில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. அறைக்காரர் திரும்பி வந்துவிட்டார். ஏதோ வியாபாரி. பாவம், நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார். பத்து நிமிடம் கழித்துத்தான் "எல்லாம் சரியா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டார்.

சூப்பர்வைசர் வந்து கை கொடுத்துத் தூக்கினாள். அவளும் "அம்மா" என்றாள், நான் அவ்வளவு கனம். பிறகு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

துணி அறையில் போய் அழுதேன். ரொம்ப அழுதேன். வலிக்காக இல்லை. ஏழு அறைக்கே இந்தக் கதி என்றால் பதினாலை எங்கே செய்வது? சீ, என்ன பிழைப்பு இது.

மானமா, வேலையா? மானத்தை வைத்துக்கொண்டு கட்டில் விரிக்க முடியாது.

மார்ச் 23, ஞாயிறு

இவரைத் தூது அனுப்பினேன். "உங்க அக்காகிட்ட அந்தப் பயிற்சியெல்லாம் என்னன்னு கேட்டுட்டு வாங்க. எனக்குன்னு சொல்லாதீங்க."

"வேற யாருக்குன்னு சொல்றது? எனக்கா?"

"உங்களுக்குன்னே சொல்லுங்க."

போன ஆள் என்ன சொன்னாரோ. ஒரு மணி நேரத்தில் வாசலில் நாத்தனார், அக்குளில் சுருட்டிய பாய். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "சோபாவை நகர்த்து."

"என்னால நகர்த்த முடியாது அண்ணி, இடுப்பு."

"என்னாலயும் முடியாது. டேய், நீ நகர்த்துடா!"

இவர் நகர்த்தினார். பிறகு பால்கனிக்குத் துரத்தப்பட்டார். நாத்தனார் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கச் சொல்லி, இடுப்புக்குக் கீழே இடைவெளி இல்லாமல் தரையோடு அழுத்தச் சொன்னாள். மூச்சை விட்டுக்கொண்டே. பத்து எண்ணிக்கை. ஒவ்வொரு எண்ணையும் பார்சலில் முத்திரை குத்துகிற மாதிரி சொல்கிறாள். "ஒண்ணு! ரெண்டு! உன்னை யாரு கழுத்தைத் தூக்கச் சொன்னது? மறுபடி ஒண்ணு!"

"கையெழுத்துப் போட்டிருக்கோமே அண்ணி" என்றேன் போகும்போது.

"பேனா அவங்களோடது" என்றாள். இது என்ன நியாயமோ தெரியவில்லை. ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 26, புதன்

முதுகு வலிக்கிறது. வயிறு வலிக்கிறது. எனக்கு வயிற்றில் தசை இருக்கிறதே இன்றைக்குத்தான் தெரியும்.

ஏப்ரல் 2, புதன்

புதுப் பயிற்சி. நாலு காலில் நிற்க வேண்டும், மாடு மாதிரி. பிறகு வலது கையை முன்னால் நீட்டி, வலது காலைப் பின்னால் நீட்டி, ஐந்து எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். நான் இரண்டு எண்ணுவதற்குள் பொத்தென்று இடது பக்கம் சாய்ந்தேன். இடது கை, இடது கால் நீட்டினால் வலது பக்கம் பொத்.

"விழறேனே அண்ணி?"

"முதல்ல எல்லாரும் விழுவாங்க. அதுதான் பயிற்சி."

ஏப்ரல் 5, சனி

ஒன்பது தடவை விழுந்தேன். கீழ் வீட்டுக்காரி மேலே வந்து எல்லாம் நல்லபடியாக இருக்கிறதா என்று கேட்டாள். அவள் இவரை ஒரு மாதிரி பார்த்தாள். பாவம் மனுஷன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நாத்தனார் இன்று ரொம்பப் பவிசாக வந்தாள். "இனிமே ரெண்டாம் கட்டம். வலது கையை நீட்டினா இடது காலை நீட்டணும். இடது கைக்கு வலது கால்."

செய்தேன். விழவில்லை! ஐந்து என்ன, பதினைந்து எண்ணும்வரை குத்துக்கல் மாதிரி நின்றேன். "ரெண்டாம் கட்டம் முதல் கட்டத்தைவிட சுலபமா இருக்கே அண்ணி?" என்றேன். அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். பாயோடு சுருட்டிவைத்திருந்த வகுப்புத் தாள் அப்போதுதான் கண்ணில் பட்டது. படம் போட்டிருக்கிறது, முதல் வாரத்திலிருந்தே. எதிர்க் கை, எதிர்க் கால். ஒரே பக்கம் என்று எங்கேயும் இல்லை. கீழே சிவப்பு மையில் பிசியோ பொண்ணு எழுதியிருக்கிறாள்: 'தவறான பக்கம். கவனிக்கவும்.'

பிடித்துக்கொண்டேன். "பத்து நாளா என்னை மூட்டை மாதிரி உருட்டி விட்டிருக்கீங்க!"

"நானும்தான் வகுப்புல உருண்டேன்! யாரும் பாக்கலை, அந்தப் பொண்ணு நேத்துதான் பார்த்தா!"

"தெரியலேன்னு சொல்ல வேண்டியதுதானே? உங்களுக்குத் தெரியாததுன்னு ஒண்ணு உலகத்துல இருக்கக் கூடாது. என் வலி நாடகம்னுகூட உங்களுக்குத்தான் தெரிஞ்சுது!"

சொல்லிவிட்டேன். எட்டு மாதம் தொண்டையில் கிடந்தது. நாத்தனார் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது" என்றாள். "கவுன்டர்ல எழுந்திருக்க முடியாம நான் நின்னப்போ, பக்கத்து சீட்டுக்காரி அதே வார்த்தையைச் சொன்னா. அன்னிக்கு ராத்திரியே உனக்கு போன் பண்ணணும்னு நினைச்சேன். பண்ணலை. என் புத்தி அப்படி."

மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. அவளிடமிருந்து இவ்வளவு வந்ததே பெரிது. அதற்குப் பிறகு இரண்டு பேரும் நாலு காலில் நின்று இன்னொரு பத்து எண்ணினோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றும் வேலை. இடுப்பை மடக்காமல் தொடையிலிருந்து குனிவதற்கு ஒரு வித்தை: ஒரு கம்பை முதுகோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பின்மண்டை, முதுகு, வால் எலும்பு மூன்றும் கம்பை விட்டு விலகாமல், பின்பக்கத்தைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். வீட்டில் துடைப்பக் கட்டை, ஓட்டலில் மாப்புக் கம்பு. 314-இல் யாரும் இல்லையே என்று செய்துகொண்டிருந்தேன். அலமாரிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். மாப்புக் கம்பை முதுகில் ஒட்டிக்கொண்டு பின்பக்கத்தை அவள் பக்கம் நீட்டி நான்.

"மன்னிக்கணும், கவனமாக் குனியறேன்" என்றேன். பெரிய டாக்டர் முதல் தடவையாக உதவிக்கு வந்தார்.

மே 8, வியாழன்

கட்டிலுக்கடியில் கிடந்த காலுறையை எடுத்தேன். எடுத்து அலமாரியில் வைத்து, கதவைச் சாத்தி, அடுத்த அறைக்குப் போன பிறகுதான் உறைத்தது: எதையும் பிடிக்காமல் எடுத்திருக்கிறேன்!

மே 12, திங்கள்

நானாகவே கேட்டு இன்று பத்து அறை. விரிப்பைச் செருகும்போது குனிவதில்லை, ஒரு முட்டியைத் தரையில் போட்டுவிடுகிறேன். வண்டியை இழுப்பதில்லை, தள்ளுகிறேன். வலி போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பத்துக்கு எட்டு இருந்தது மூன்றாகியிருக்கிறது. மூன்றோடு குடும்பம் நடத்தலாம்.

மே 29, வியாழன்

கடைசி அளவெடுப்பு. குனியச் சொன்னார்கள், நிமிரச் சொன்னார்கள், ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழுவேன் என்று எண்ணினார்கள். பிசியோ பொண்ணு தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்க பி-தானே?" என்றாள்.

நாற்பது பேரில் நான்தான் முதலாம். பள்ளிக்கூடத்தில்கூட வாங்காத ரேங்க்.

பெரிய டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "என்னோட பிரசுரத்தைப் படிச்சீங்களா?" என்றார். படித்தேன் என்றேன். அது பொய்யில்லையே. சர்டிபிகேட்டை வருகிற செவ்வாய்க்கிழமை தானே கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னார். வேலை தப்பியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மே 31, சனி

சிரிப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

நாத்தனார் சொன்னாள்: வகுப்பை நிறுத்தப்போகிறார்களாம். "பி-யில ஒரு பொம்பளை வெறும் காகிதத்தைப் படிச்சே குணமாயிட்டா, வகுப்பு எதுக்கு, அந்த ரூமை ஸ்டோராக்கிடலாம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாராம். அந்தப் பொண்ணு அழுவுது."

"ஒரே ஒரு ஆளை வெச்சு முடிவு பண்ணுவாங்களா?"

"காகிதத்தை எழுதினது அவரு. அவருக்கு ஒரு ஆள் போதும்."

அந்த ஓர் ஆள் நான். வகுப்புக்காகக் காத்திருக்கிற மற்ற பி பெண்களுக்கு இனிமேல் பிரசுரத்துப் போட்டோதான்.

"வாயைத் திறக்காதே" என்றாள் நாத்தனார். "முதல்ல சர்டிபிகேட்டை வாங்கு. உன் வேலைதான் முக்கியம்." என்மேல் அக்கறையாகத்தான் சொன்னாள். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 3, செவ்வாய்

சர்டிபிகேட் வாங்கப் போனால் கூடம் நிறையப் பெண்கள். புதிதாக இடுப்பு வலிக்கு வந்தவர்கள். பெரிய டாக்டர் என்னை முன்னால் நிறுத்தி, "இந்த அம்மா வெறும் பிரசுரத்தைப் படிச்சே குணமானவங்க. நீங்களே சொல்லுங்கம்மா" என்று மைக்கைக் கொடுத்தார். சர்டிபிகேட் அவர் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். முன் வரிசையில் ஒருத்தி, என் வயசுதான், நாற்காலியின் நுனியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். பிரசுரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள், உயிரே அதில் இருக்கிற மாதிரி.

"அந்தக் காகிதத்துல ஒண்ணும் இல்லம்மா" என்றேன். மைக்கில். "என் நாத்தனார் ஏ பிரிவு. அவங்கதான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தாங்க. தெரியாதவங்க மாதிரி நடிச்சோம். தப்பு எங்களோடது. குணமானது பயிற்சியால."

பெரிய டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டைப் பையிலிருந்த காகிதத்தை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

பிசியோ பொண்ணு என்னைத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். "ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க? ஏற்பாட்டையும் சேர்த்து எட்டு மாச உழைப்பு, அக்கா." அழுதாள். நானும் அழுதேன். மன்னிச்சுக்கோம்மா என்று எத்தனை தடவை சொன்னேனோ. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை நாள் செஞ்சீங்க?" என்றாள்.

"ஒரு நாள் விடலை."

"என் வகுப்புல தினமும் செஞ்சவங்க ஒருத்தர்கூட இல்ல. உங்க நாத்தனாரும் சேர்த்து."

ஜூன் 4, புதன்

நாத்தனார் எகிறினாள். "சொன்னேன்ல வாயைத் திறக்காதேன்னு! இப்போ வேலைக்கு என்ன பண்ணுவே?" அரை மணி நேரம் கிழி கிழி என்று கிழித்துவிட்டு, பாயை விரித்தாள். தினமும் ஏன் செய்யவில்லை என்று கேட்டேன். "சொல்லிக்குடுத்தேன்ல, அதுவே செஞ்ச மாதிரிதான்" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

எங்கள் இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து தூக்கிவிட்டார்கள். மிச்சம் முப்பத்தெட்டுப் பேரை வைத்து எண்ணினால் ஏ பிரிவுதான் மேல், சந்தேகமே இல்லையாம். வகுப்பு நடக்கும். ரூமும் தப்பியது. முன் வரிசைக்காரி சேர்ந்திருக்கிறாளாம்.

சர்டிபிகேட் கிடையாது. பெரிய டாக்டர் என் பேரைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாராம். பிசியோ பொண்ணு தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "டாக்டர் கையெழுத்து இல்லாம இதை வெச்சு என்ன பண்றது?"

"பதினாலு அறை குடுத்துப் பாருங்க" என்றேன். "கூடவே நில்லுங்க. முடியலேன்னா நானே போயிடறேன்."

எங்கிருந்து வந்ததோ அந்தத் திமிர்.

ஜூன் 28, சனி

காலை எட்டு மணிக்கு 301. சூப்பர்வைசர் நோட்டும் கையுமாக என் பின்னாலேயே. ஒரு அறை, இரண்டு, ஐந்து. ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு முட்டியைத் தரையில் போட்டு விரிப்பைச் செருகினேன். தொட்டியில் ஒரு கையை விளிம்பில் ஊன்றி, பின்பக்கத்தைப் பின்னால் தள்ளி, மறு கையால் தேய்த்தேன். ஏழாவதில் வியர்வை. பதினொன்றாவதில் வலி எட்டிப் பார்த்தது. நாலு இருக்கும். பயந்துவிட்டேன், நிஜமாகவே பயந்துவிட்டேன். சுவரில் சாய்ந்து இடுப்பை அழுத்திப் பத்து எண்ணினேன். சூப்பர்வைசர் அதையும் எழுதிக்கொண்டாள். போச்சு என்று நினைத்தேன். ஆனால் வலி நாலிலேயே நின்றது. ஏறவில்லை.

பதினாலாவது 320. கடைசித் தலையணையைத் தட்டி வைத்து நிமிர்ந்தேன். மணி மூன்றரை. மற்றவர்கள் முடிக்கிற அதே நேரம்.

சூப்பர்வைசர் கதவைச் சாத்தினாள். நோட்டை மேஜைமேல் வைத்தாள். திட்டப்போகிறாள் என்று கைகட்டி நின்றேன்.

"அந்தச் சுவத்துல சாஞ்சு ஒண்ணு பண்ணியே" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "அதை எனக்குச் சொல்லிக்குடு."

"உங்களுக்கா?"

"ஆறு வருஷமா. குனிய வேண்டாம்னுதான் சூப்பர்வைசர் வேலைக்கே எழுதிப் போட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. சொன்னா என்னையும் அனுப்பிடுவாங்க." சொல்லச் சொல்ல உதடு கோணிக்கொண்டு வந்தது. அன்றைக்கு என்னைத் தூக்கும்போது "அம்மா" என்று கத்தியது என் கனத்துக்காக இல்லை போல. நான் ஒரு முட்டாள். அந்த வலியை நானே கண்டுபிடிக்கவில்லை என்றால் வேறு எவள் கண்டுபிடிப்பாள்?

தரையில் படுங்கள் என்றேன். படுத்தால் எழுந்திருக்க முடியாது என்றாள். சரி என்று செருப்பைக் கழற்றச் சொல்லி, கட்டில்மேலேயே மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் என் கையை நுழைத்தேன். "என் கையை நசுக்குங்க. மூச்சை விட்டுக்கிட்டே நசுக்குங்க."

பல நாள் ஆசை போல, நன்றாகவே நசுக்கினாள். பத்து எண்ணினேன், நாத்தனார் மாதிரியே முத்திரை குத்தி. எழுந்தபோது அவள் கண்ணெல்லாம் ஈரம். நோட்டைத் திறந்து 'பதினாலு. தகுதி' என்று எழுதி என்னிடம் காட்டினாள். அப்புறம் இரண்டு பேரும் கட்டிலைத் திரும்பிப் பார்த்தோம். விரிப்பு கசங்கி, தலையணை நசுங்கி, ராத்திரி முழுக்க யாரோ புரண்ட மாதிரி கிடந்தது.

உருவி எடுத்துவிட்டு, புது விரிப்பைப் போட்டு, முட்டி போட்டு முதலிலிருந்து செருகினேன். அதையும் சேர்த்தால் இன்று பதினைந்து.